தார்ப்பாய் மேல் படுத்து நனைந்த மழை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குறுவை அறுவடை மும்முரமாக இருந்த புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். இடம், திருப்பனந்தாள் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு தார்ச்சாலை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எங்காவது இடிமேகம் திரண்டால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். வெளிநாட்டில் சூறாவளிகளைத் துரத்திப் படம் எடுப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. அந்த மாதிரிச் சுழல்காற்று நம் பக்கம் கிடைக்காதுதான். ஆனால் புரட்டாசியில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமிருந்து எழும்பி வரும் மேகங்கள், சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் மலை மாதிரி இருக்கும். மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடுகிறது, நீ மட்டும் எதிரே போகிறாய் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை.

அன்று மேற்கே நன்றாகத் தெரியும் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, கேமராவை வைக்கும் முக்காலியை விரித்தேன். சாலையின் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதுத் தம்பதி ஒன்று காலால் நெல்லைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா நேராக என்னிடம் வந்து, புது ரோட்டுக்கு நிலம் அளக்க வந்திருக்கிறேனா என்று கேட்டார். குரலில் ஒரு உஷ்ணம். இல்லை, மழை மேகத்தைப் படம் எடுக்க வந்தேன் என்றதும் உஷ்ணம் போய் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகவா பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று அவர் கேட்க, எனக்கும் சிரிப்பு.

அவருடைய கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மேற்கே பார்த்துவிட்டு நெல்லைக் குவித்துவிடலாம் என்றார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டதால் இன்னொரு தரம் காய வைக்கிறார்களாம். இன்னும் ஒரு மணி நேரம் வெயில் பட்டால் போதும். நனைந்தால் முளைவிட்டுவிடும், நாலு மாத உழைப்பு அவ்வளவுதான்.

"மழை இங்க வருங்களா மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

என் மண்டையில் கனம் ஏறிய இடம் அதுதான். போனில் ரேடார் படத்தைத் திறந்து காட்டி, மேகம் கொள்ளிடத்துக்கு வடக்கேயே போய்விடும், கவலைப்படாதீர்கள் என்று பெரிய நிபுணர் மாதிரி சொன்னேன். அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் குவிக்கும் பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். கருநீல மேகம், அதன் அடியில் சுருட்டி வைத்த பாய் போல நீளமாக ஒரு உருளை. அப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. கிளிக், கிளிக் என்று எடுத்துத் தள்ளினேன். திடீரென்று காற்று நின்றது. அப்புறம் மேற்கிலிருந்து சில்லென்று ஒரு வீச்சு. போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. நான் காட்டிய படம் வழியில் டீ குடித்தபோது பதிவானது. அதன் நேரத்தை நான் பார்க்கவே இல்லை.

"அக்கா, தப்பாச் சொல்லிட்டேன், இங்கதான் வருது" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கேமராவை மறந்துபோனேன். அண்ணன் பலகையால் தள்ள, நாங்கள் இருவரும் கையாலும் முறத்தாலும் வாரினோம். குவியலின் மேல் தார்ப்பாயைப் போட்டதும் காற்று அதைப் பட்டம் போலத் தூக்கியது. கல் எடுத்து வைக்க நேரமில்லை. "மேல படுங்க" என்றார் அக்கா. படுத்தேன். டயட் இருந்து குறைக்க முடியாத என் எடை முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது. ஆளுக்கு ஒரு மூலையாக மூவரும் குப்புறப் படுத்திருக்க, முதுகில் ஆலங்கட்டியாக மழை அடித்தது. நான் ஆசைப்பட்ட மேகம் தலைக்கு மேலேயே போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலத் தார்ப்பாய்தான். மின்னல் வெட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, இந்த நெல் நனையக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இருபது நிமிடத்தில் மழை விட்டது. தார்ப்பாயைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா குவியலின் அடிப்பக்கம் கையை நுழைத்து நாலு நெல்லை எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். 'கடக்' என்று சத்தம் கேட்டது.

"காஞ்சுதான் இருக்கு. ஓரத்துலதான் ஒரு கூடை போயிருக்கும், அது கோழிக்கு ஆகும். அழுவாதீங்க தங்கச்சி" என்றார்.

அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தது தன் தப்பும்தானே என்று அண்ணன் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தால் என் கேமராவின் மேல் ஒரு சாக்கு கவிழ்த்திருந்தது. அவ்வளவு அவசரத்திலும் அவர்தான் போட்டிருக்கிறார்.

இப்போதும் மேகம் துரத்தப் போகிறேன். வழியில் நெல் காய்ந்து, யாராவது மழை வருமா என்று கேட்டால், உறுதியாகத் தெரியாது, வாங்க குவிச்சுடலாம் என்று சொல்லி வண்டியை ஓரம் கட்டுகிறேன். நான் எடுத்த எந்தப் படத்தையும் விட அந்த நெல் கடிபட்ட சத்தம்தான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. நான் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இரண்டு பேர் தங்கள் நாலு மாத உழைப்பைத் திறந்த சாலையில் விட்டு வைத்தார்கள் என்பதை அது என்னை இன்றுவரை மறக்க விடவில்லை.