கிளட்ச் பைப்பில் கை வைத்தது யார்

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் அத்தாயியின் லாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. பச்சை பெயின்ட் அடித்த பழைய சின்ன லாரி. சுற்றுப்பட்டு ஊர்களில் பிடுங்கும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, ஏற்றிக்கொண்டு மலையிறங்கும், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் கொட்டிவிட்டுத் திரும்பும். அது எப்போது கிளம்பினாலும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அத்தாயி உட்கார்ந்திருப்பாள்.

புருஷன் செங்கோடன் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். மஞ்சள்காமாலையில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் டிரைவர் டேங்கில் குழாய் போட்டு டீசலை உறிஞ்சி விற்றான். அடுத்து வந்தவன் புது ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு மொட்டை டயரை மாட்டி வைத்தான். அதிலிருந்து அத்தாயிக்கு எவரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். மில்லில் எடை போடும்போது தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். டீக்கடையில் இறங்கினால் சாவியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொள்வாள்.

மூன்றாவதாக வந்தவர் தனபால். ராசிபுரத்துப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அத்தாயி வீட்டுக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டு வண்டி ஓட்டினார். அவர்மேல் குறை சொல்ல எதுவும் கிடைக்காததே அத்தாயிக்கு ஒரு குறையாக இருந்தது.

தை மாதம் கிழங்கு பிடுங்கும் சமயத்தில் லாரி தகராறு பண்ண ஆரம்பித்தது. ஒரு காலையில் லோடு ஏற்றிக் கிளம்பப் போனால் கிளட்ச் பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. கியர் விழவில்லை. வண்டிக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது.

"ஆயில் ஒழுகிருச்சுங்க அம்மணி. பைப் லீக்காட்டம் இருக்குது," என்றார் தனபால்.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் ஆரோக்கியராஜ் பைக்கில் ஏறி வந்தான். கிளட்ச் பெடலை மிதித்தால் மேல் சிலிண்டரிலிருந்து ஆயில் ஒரு மெல்லிய இரும்புப் பைப் வழியாகக் கீழ் சிலிண்டருக்குப் போய்த் தள்ளும். அந்தப் பைப் கீழே வந்து சேருமிடத்தில்தான் ஒழுகல். நட்டை இறுக்கினான், புது ஆயில் ஊற்றினான், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினான். பெடல் மறுபடி மேலே எழுந்து நின்றது. லாரி கிளம்பிப் போயிற்று.

பத்து நாள் ஆகவில்லை, மறுபடி அதே கதை. அதற்கப்புறம் இன்னொரு தடவை.

மூன்றாம் தடவை ஆரோக்கியராஜ் போன பிறகு அத்தாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, டார்ச்சுடன் தானே வண்டிக்கு அடியில் நுழைந்தாள். எங்கே பார்த்தாலும் செம்மண்ணும் துருவும் அப்பிக் கிடந்தன. அந்த ஒரு நட்டு மட்டும் முனைகள் தேய்ந்து பளபளவென்று மின்னியது. மெக்கானிக் மூன்று தடவை கை வைத்ததற்கு இவ்வளவு தேய்மானமா?

வெளியே வந்து உட்கார்ந்து யோசித்தாள். சென்றாயன் செய்திருக்கலாம். பக்கத்து ஊர்க்காரன், புது வேன் வாங்கிவிட்டு லோடு கிடைக்காமல் இவளுக்குக் கிழங்கு ஏற்றிவிடும் ஆட்களிடம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆரோக்கியராஜே அரைகுறையாக இறுக்கிவிட்டுப் போகலாம், அவனுக்கு வேலை வருமே. தனபாலே சென்றாயனிடம் காசுக்குக் கை நீட்டியிருக்கலாம். மூன்று பேர்மேலும் அவளுக்குச் சந்தேகம் சரிசமமாக இருந்தது.

வீட்டுக் கதவுக்கு அடித்த நீலப் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நட்டின்மேலும் சிலிண்டர்மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டாள். தானாகத் தளர்ந்து ஒழுகினால் கோடு மயிரிழைதான் விலகும். எவனாவது ஸ்பேனர் போட்டால் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் பெடல் படுத்தது. கோடு இரண்டாகப் பிரிந்து, நட்டின்மேல் இருந்த பாதி எங்கேயோ திரும்பி நின்றது.

அத்தாயி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆரோக்கியராஜை வரவழைத்துச் சரிசெய்து, அந்த லோடு போய் வந்தது. அடுத்த லோடு ஏற்றி வைத்த மறுநாள் விடியலில், போர்வையைப் போர்த்திக்கொண்டு மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய் நின்றாள். பனி மூட்டத்தில் லாரி ஒரு பச்சை நிழலாகத் தெரிந்தது. கொட்டகைக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். இரும்பில் இரும்பு உரசியது.

நெருங்கிப் போனாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது இரண்டு கால்கள்தான். அந்த ரப்பர் செருப்பை அவளுக்குத் தெரியும்.

"சென்றாயன் உனக்கு என்ன குடுத்தான்?" என்றாள். இத்தனை வருஷத்தில் தனபாலை அவள் 'நீ' என்றது அன்றைக்குத்தான்.

இரும்பு உரசும் சத்தம் நின்றது.

"உன்னத்தான் கேக்கறேன். வெளிய வா!"

"நான் எவங்கிட்டயும் எதுவும் வாங்கலீங்க அம்மணி."

"அப்புறம் எதுக்குக் கழட்டற?"

தனபால் படுத்தபடியே பேசினார்.

"எனக்கு எறங்கப் பயமா இருக்குதுங்க."

அத்தாயிக்குப் புரியவில்லை. "எங்க எறங்க?"

"மலை வளைவுலீங்க. மார்கழில ஒருக்கா மழையில போனமே, நீங்க அசந்து தூங்கிட்டீங்க. எதுத்தாப்பல பஸ் ஏறி வந்துச்சு. வழி உடறதுக்குப் பின்னால எடுத்தேன். மஞ்சு மூடிக்கிச்சு, கண்ணு தெரியல. பின் சக்கரம் சுவத்த இடிச்சு வெளிய போயிருச்சு. லோடோட அப்படியே தொங்குச்சு. எப்படி மேல ஏத்துனேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாதுங்க. அதுலிருந்து காலைல லோடு நிக்கறதப் பாத்தா காலு ரெண்டும் வெடவெடங்குது. கூட ஒரு நாளு தள்ளிப்போனாச் சமாளிச்சுக்கறேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"மலையிறங்கப் பயப்படற டிரைவர எவருங்க வெச்சுக்குவாங்க? நீங்க வேற பக்கத்துல உக்காந்து என் கையவே பாத்துட்டு வர்றீங்க."

"பாதி மலையில கிளட்ச் போயிருந்தா? ரெண்டு பேரும் செத்திருப்பமே!"

"நடுவுல போவாதுங்க. கெளம்பறப்பவே பெடல் படுக்கற மாதிரித்தான் தளத்துவேன்."

அத்தாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மழை நாள் அவளுக்கு நினைவிருந்தது. கண் விழித்து "ஏனுங்கண்ணா, வண்டி ஏன் நிக்குது?" என்று கேட்டாள். "பஸ்ஸுக்கு வழி உடறேங்க," என்றார் அவர். அப்புறம் இறங்கிப்போய் மழையிலேயே ரொம்ப நேரம் வண்டிக்குப் பின்னால் நின்றார். ஒன்றுக்குப் போகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆனாலும் அவள் அத்தாயி. சொல்கிற கதைக்கெல்லாம் இளகிவிடுகிறவள் இல்லை. அன்றைக்கு லாரியை நிறுத்திவிட்டு முதல் பஸ் ஏறினாள். அன்று லாரி நின்ற வளைவில் இறக்கிவிடச் சொன்னபோது கண்டக்டர், "இங்க என்னம்மா இருக்குது?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். தடுப்புச் சுவரின் மூலை பெயர்ந்து கிடந்தது. உடைந்த கல்லில் பச்சை பெயின்ட் ஈஷியிருந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன. தூங்கிக்கொண்டிருந்தபோது இதன்மேல் தொங்கியிருக்கிறோம் என்று நினைத்ததும் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள். திரும்பிப் போகிற பஸ் வரும்வரை சுவரை விட்டுத் தள்ளி, மலைப் பக்கமாகவே நின்றாள்.

மறுநாள் ஆரோக்கியராஜ் வந்து பைப்பைக் கழற்றிப் பார்த்தான். "இதோட வாய் தேஞ்சு போச்சுக்கா. இனி எவ்வளவு இறுக்குனாலும் ஒழுகும். புதுசுதான் போடணும்." நட்டைக் கையில் உருட்டிக்கொண்டே தனபாலைப் பார்த்தான், பிறகு அத்தாயியைப் பார்த்தான். "யாரோ சும்மா சும்மா கை வெச்ச மாதிரி இருக்குதுக்கா."

"பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். நீ ஒழுங்கா மாட்டு," என்றாள் அத்தாயி.

அவன் புதுப் பைப்பைப் பழசின் வளைவுக்கு ஏற்பக் கையாலேயே பதமாக மடக்கி, வண்டியின் அடிச்சட்டத்தில் உரசாமல் கிளிப் போட்டு, இரண்டு முனையிலும் புது நட்டு வைத்து இறுக்கினான். தனபால் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பிடித்தார், இவன் கீழே காற்றை எடுத்தான். வேலை முடிந்ததும் வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டும் விழவில்லை.

தனபால் அன்று சாயங்காலமே துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நான் வாரேனுங்க அம்மணி."

"எங்க போறீங்க? முள்ளுக்குறிச்சில ரூம் பாருங்க," என்றாள் அவள். "அங்கிருந்து மில் வரைக்கும் சமதரைதானுங்க. அதுக்குமா பயம்?"

மலையில் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த வளைவுகளிலேயே வளர்ந்தவன், லோடு இல்லாமல் வேனைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தவன் ஒருவன்தான். அத்தாயி சென்றாயனின் வீட்டுக்கே போய்க் கேட்டாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சென்றாயன் மூன்று நாள் பிடி கொடுக்கவில்லை. அப்புறம் ஒத்துக்கொண்டான்.

இப்போது சென்றாயன் லாரியை முள்ளுக்குறிச்சி வரை இறக்குகிறான். அங்கே காத்திருக்கும் தனபால் மில்லுக்கு ஓட்டிப் போகிறார். அத்தாயி அங்கேயே இறங்கிக்கொண்டு, லாரி திரும்பும்வரை ஆரோக்கியராஜின் பட்டறை நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். எடையை தனபாலே பார்த்துச் சொல்கிறார். சென்றாயன் ஓட்டும்போது மட்டும் அவள் கண்ணை மூடுவதில்லை.