மூலை மனைக்குக் குறுக்கே

சாரதாம்பாள் பஞ்சாயத்து போர்டு மெம்பர் ஆன கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். படாளம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஐம்பத்தைந்தாம் வருஷத் தேர்தலில் அங்கே ஒரே வார்டுக்கு இரண்டு பங்காளிகள் மல்லுக்கு நின்றார்கள். எவர் ஜெயித்தாலும் மண்டை உடைவது நிச்சயம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு பெயரைத் தேடினார்கள். ரயிலடி டிக்கெட் கிளார்க் துரையின் மனைவி சாரதாம்பாள் எட்டாவது படித்தவள், வாயில்லாப் பூச்சி. மனுவில் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரியும்.

அப்புறமும் அவள் கூட்டத்துக்குப் போனதில்லை. போர்டு பியூன் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவருவான். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். மெம்பர் பதவி அவ்வளவுதான்.

அவளுடைய ஆசையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. புகுந்த வீட்டில் மாமியார், இரண்டு ஓரகத்திகள், ஒரே அடுப்பு. இன்றைக்கு என்ன ஆக்குவது என்று மாமியார்தான் சொல்வார். பருப்பையும் அவரே அளந்து போடுவார். பொல்லாதவர் இல்லை, பாவம். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாரதாம்பாள் தன் இஷ்டத்துக்கு ஒரு குழம்பு வைத்ததில்லை. தனக்கென்று ஒரு சமையல்கட்டு கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகம் மரக்கடை ரஹ்மத்துல்லா, ரயிலடியை ஒட்டிய மேட்டுக்காட்டை வாங்கி, மனை பிரித்து விற்கப் பிளான் போட்டு போர்டுக்கு அனுப்பினார். தங்கமான மனுஷர், துரைக்கு வெகுநாள் சிநேகிதர். ரயிலடியைப் பார்த்த மூலை மனையை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். மற்ற மெம்பர்களுக்கும் ஆளுக்கொரு மனைமேல் கண். தண்டோரா போட்டு ஆட்சேபணை கேட்டார்கள். ஈ காக்கை வரவில்லை. இனி தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, துரைக்கு நாஸ்தா கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சாரதாம்பாள் அந்த மனைக்குப் போனாள். நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. உள்ளே போய் நின்று, இங்கே அடுப்பு, இங்கே ஜன்னல், இங்கே அம்மி என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். பார்த்தவர்கள் இவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அம்மி வைத்த இடத்தில் காய்க்காரி கன்னியம்மா வந்து நின்றாள். தலையில் கத்திரிக்காய்க் கூடை. அவளுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் பல கூடைகள்.

"இன்னா யம்மா, பாதையில நின்னுகினு கீற? நவுரு, வண்டி வந்துரும்."

ஏரிக்கரைப் பெண்கள் காலை ரயிலுக்குப் போகிறார்கள். செங்கல்பட்டு சந்தைக்குக் காய் போகும் வழி அதுதான். பிளான் போட்டவருக்கு அது வெறும் மேட்டுக்காடு. பாதை கண்ணில் படவில்லை. தண்டோரா அடித்த நேரத்தில் அவர்கள் சந்தையில் காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கே வீடு வரப்போகிறது என்று சாரதாம்பாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இதை அடைத்தால் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும், அதற்குள் வண்டி போய்விடும், வெயிலேறி வதங்கின காயை எவன் வாங்குவான் என்றாள் கன்னியம்மா. பதிலுக்குக்கூட நிற்காமல் எல்லாரும் அவளுடைய சமையல்கட்டின் நடுவே புகுந்து ரயிலுக்கு ஓடினார்கள்.

அன்றெல்லாம் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டால் கேட்க நாதியில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் கூட்டம் எப்போது என்று பியூனிடம் விசாரித்து, தானே புறப்பட்டுப் போனாள்.

போர்டு ஆபீசில் அவளைப் பார்த்ததும் பிரசிடெண்ட் சடையப்பன் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு பேர் அவசரமாகப் பீடியை அணைத்தார்கள். ரஹ்மத்துல்லாவும் அங்கேதான் இருந்தார். சாரதாம்பாள் எல்லாவற்றையும் சொல்லி, மூலை மனை இருக்கிற இடத்தில் ரோடு விடவேண்டும், விடாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முடித்தாள். பாதையைக் கொஞ்சம் வளைத்து விடலாமே என்றார் சடையப்பன். தலைச்சுமையோடு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வளைந்து போகமுடியாது என்றாள் அவள்.

ரஹ்மத்துல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தங்கச்சி, அது உன் மனைம்மா. மத்த மனையெல்லாம் பேசி முடிச்சாச்சி. இத வுட்டா உனக்கு இல்ல."

"தெரியும் பாய். என் மனையா இருக்கறதாலதான் வாயத் தொறந்து கேக்கறேன். அடுத்தவங்க மனையக் குடுன்னு கேக்க எனக்கு இன்னா ரைட்டு கீது?"

தங்கள் தங்கள் மனைகளை நினைத்துக்கொண்டிருந்த மெம்பர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ரஹ்மத்துல்லா தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிளானைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்.

ரோடு போனபின் மூலை மனையில் மிஞ்சியது ஒரு நீளத் துண்டு. ஒருத்தரும் அதைச் சீந்தவில்லை. ரஹ்மத்துல்லாவே துரையைக் கூப்பிட்டு, தங்கச்சியை இதில் வீடு கட்டிக்கொள்ளச் சொல் என்றார். வீடு ரயில் பெட்டி மாதிரி எழும்பியது. மனை போனதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த துரைகூட, மூன்றாம் வகுப்புப் பெட்டி கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

குடிவந்த மறுநாள் காலை சாரதாம்பாள் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, புது ரோட்டில் கூடைகள் வந்தன. வாசனையைப் பிடித்த கன்னியம்மா, புளி தூக்கலாக இருக்கிறது என்றாள். பின்னால் வந்தவள் வெல்லம் போடச் சொன்னாள். இன்னொருத்தி இன்னும் கொதிக்கவேண்டும் என்றாள். ஒரு மாமியாரிடமிருந்து தப்பி வந்தவளுக்கு ஜன்னலெல்லாம் மாமியார்.

"என் வூடு, என் கொழம்பு. நான் வெக்கிறாப்லதான் வெப்பேன்" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள் சாரதாம்பாள். அவள் குரல் தெருவுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. கூடைக்காரிகள் சிரித்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினார்கள்.

கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். புளி கொஞ்சம் அதிகம்தான். அப்படியே இறக்கி வைத்தாள்.