பாதை கேட்காத வடிவக்கா

“நான்தாங்க, வடிவு” என்று கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்கும். குடை மடங்கும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. உள்ளேயிருந்து யாராவது “வாங்க” என்று சொல்லும்வரை சண்முகவடிவு வாசற்படியிலேயே நிற்பார். ஹட்டனில் நான் வேலை பார்க்கும் சட்டத்தரணி அலுவலகத்தின் கதவு காலை முதல் மாலை வரை திறந்தே கிடக்கும். வருகிறவர்கள் நேரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். சிலர் என் மேசைமேல் இருக்கும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக் குடித்துவிடுவார்கள். வடிவக்கா மட்டும் செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

“தொறந்துதானேக்கா இருக்கு?” என்றால், “தொறந்திருந்தா நம்ம வீடா ஆயிருமா தம்பி?” என்பார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவரின் பழக்கம் அது. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம் இருக்கிற இடத்தில், குரல் கொடுக்காமல் நுழைகிறவர் மனிதரே அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை கிடைத்த பிறகும் அது அவரை விடவில்லை. நோயாளியின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தால், கஞ்சிக் கோப்பையோடு வெளியே நின்று, “நான்தாங்க, வடிவு” என்பாராம். மயக்கத்தில் கிடப்பவரிடமும் அப்படித்தான் என்று அங்கே வேலை செய்யும் தாதி ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

கணவர் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் காலமானதோடு தோட்டத்தில் இந்தக் குடும்பத்தின் பெயர் இல்லாமல் போயிற்று. பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. மகளின் உயர்தரப் பரீட்சை முடியும்வரை இருந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்குள் குடிபோக வேண்டும் என்றுதான் கினிகத்தேனையில் இரண்டு அறை வீடொன்றை வங்கிக் கடனில் வாங்கத் துணிந்தார். வங்கிக்காகப் பத்திரங்களைப் பார்ப்பது எங்கள் சட்டத்தரணி யோகராணி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊரில் அரை ஆயுளைக் கழித்தும் அவருடைய தமிழில் ஹட்டன் மழை ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

வடிவக்காவின் சந்தேகங்களுக்கு அளவே கிடையாது. வேலை விட்டு வரும்போதெல்லாம் ஒன்றைக் கொண்டுவருவார்.

“உறுதிப் பத்திரத்த பேங்கு வாங்கி வச்சுக்கிருச்சுன்னா, அப்ப வீடு யாருதுங்க மிஸ்?”

“வீடு உங்கடைதான். கடன் முடியுமட்டும் ஈட்டிலை இருக்கும். முடிஞ்சாப்போலை உறுதியைத் திருப்பித் தருவினம்.”

“அதுக்கு முந்தி நான் கண்ண மூடிட்டா, புள்ளைய வெளிய போகச் சொல்லிருவாங்களா?”

“அதுக்குத்தான் கடனோடை காப்புறுதி எடுக்கிறது. ஆனா நிபந்தனையளை வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ.”

“விக்கிறவரு இதையே வேற எங்கயும் ஈடு வச்சிருந்தாருன்னா?”

“காணிப் பதிவகத்திலை முப்பது வருசத்துக்குத் தேடிப் பாத்திட்டன். அப்பிடி ஒண்டும் இல்லை.” மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் கேட்டிட்டீங்கள். இப்ப நான் ஒண்டு கேக்கட்டே? றோட்டிலை இருந்து வீட்டுக்குப் போற பாதை ஆருக்குச் சொந்தம்?”

“பாதைங்களா?” வடிவக்கா என்னைப் பார்த்தார். “பாதை, பாதைதாங்களே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அடைமழையில் போய்க் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தவர், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர், மண் சரியுமோ என்று மேட்டைச் சுற்றி வெடிப்புத் தேடியவர், பாதையைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. லயத்து வாசல் வழியே எல்லோரும்தான் நடப்பார்கள். கதவுக்குச் சொந்தக்காரர் உண்டு. பாதைக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் இந்தப் பாதைக்கு ஒருவர் இருந்தார். முன்வீட்டுக்காரர், இரும்புக்கடை பஸ்லான். அவருடைய காணிக்குள்ளால்தான் பாதை போகிறது. வடிவக்கா வாங்கப்போகும் வீட்டின் உறுதியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாளைக்கு அவர் காணியை விற்று, வாங்கியவர் வேலி போட்டால் வீட்டுக்குப் பறந்துதான் போக வேண்டும். பாதை உரிமையை எழுத்தில் காட்டாவிட்டால் வங்கி கடன் தராது. அதற்கு அந்த மாதக் கடைசிவரைதான் தவணை.

“அவரிட்டைப் போய்க் கேளுங்கோ. உறுதிப் பத்திரமா எழுதித் தரச் சொல்லுங்கோ.”

வடிவக்காவின் முகம் வாடிவிட்டது. “வீடு பாக்கப் போன அன்னைக்கே, தாராளமா நடங்கன்னு சொன்னாருங்க மிஸ், அது அவரு காணின்னுதான் எனக்குத் தெரியல. சொன்ன மனுசன்கிட்ட போயி எழுதிக் குடுங்கன்னா, ஒங்க பேச்சுல நம்பிக்க இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிருமே.”

அவர் போகவில்லை. நான் போய்க் கேட்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு கைநழுவிப் போகிறது, மரியாதையைக் கட்டிக்கொண்டு இந்த அம்மா எங்கே குடியிருக்கப்போகிறார்?

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பஸ்லானே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், என் தண்ணீரைக் குடித்தார், பிறகுதான் பேசினார்.

“அந்த வடிவக்கா என்னத்துக்கு மிஸ் ஓடையால ஏறி வாறா?”

நடந்தது இதுதான். வீட்டை மகளுக்குக் காட்டுவதற்காக வடிவக்கா கினிகத்தேனைக்குப் போயிருக்கிறார். இன்னொருவர் காணி, எழுத்தில் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பாதையில் அவரால் காலை வைக்க முடியவில்லை. ஓடைக்கரை அரசாங்கத்தது, அங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று, மகளையும் இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, பற்றையைப் பிடித்து ஏறியிருக்கிறார். பின்கட்டில் நின்ற பஸ்லானின் மனைவி ரினோஸா கண்டது, கால் முழுக்க அட்டையோடு மேலே வந்த இரண்டு பேரை.

“உப்பு வெச்சி அட்டய எடுக்கக்குள்ள ரினோஸா கேட்டிருக்கா, பாதை இருக்கத்தானே எண்டு. அது ஒங்க காணின்னு இப்பதாங்க தெரிஞ்சிச்சி, தெரியாம நடந்துட்டேன், மன்னிச்சிக்கங்கன்னு சொல்லிருக்கா. வேற ஒண்டும் கேக்கல்ல. விக்கிற ஆளுதான் பொறகு வெவரம் சொன்னார்.” பஸ்லான் போத்தலை மேசைமேல் வைத்தார். “எங்க வாப்பா காலத்துலருந்து ஒருத்தரயும் மறிச்சதில்ல மிஸ். எங்க கையெழுத்து வெக்கணும், சொல்லுங்க.”

“ஆறுதலா இருங்கோ. இண்டைக்கு வைக்கேலாது. சர்வேயர் பாதையை அளந்து பிளான் தரவேணும். பிறகு ரெண்டு சாட்சியோடை வாங்கோ. ஒரு கிழமை எடுக்கும்.”

“அது வரைக்கும் அந்த மனுசி ஓடையாலயா வருவா?” என்றார் பஸ்லான்.

செய்தியைச் சொன்னபோது வடிவக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். “நான் கேக்கவே இல்லீங்களே தம்பி” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் கோபப்பட்டதை எண்ணி நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

பாதை உறுதி தவணைக்குள் முடிந்தது. கடனும் வந்தது. சாவி வாங்கிய அன்று நானும் கூடப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பத்தடிப் பாதை இப்போது எழுத்தில் அவருக்கு உரியது. ஆனாலும் பஸ்லான் வீட்டு முன்னால் நின்று, “நான்தாங்க, வடிவு” என்றார்.

“வாங்க வடிவக்கா, இனி என்னத்துக்குக் கேக்கறீங்க?” என்று உள்ளேயிருந்து ரினோஸா சிரித்தார்.

பாதையின் ஓரமாகவே நடந்து போனார். வீட்டுப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். வெறும் அறையிலிருந்து புதுச் சுண்ணாம்பு வாசம் வந்தது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

“நான்தாங்க, வடிவு.”

சொல்லிவிட்டு நின்றார். பின்னால் மகளும் நானும் நனைந்துகொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்த்தபடி, மெதுவாக “வாங்க” என்று தானே சொல்லிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தார்.