வைரஸ் என்று நினைத்த தாள்

அந்தத் தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள், நடுநடுவே டாலர் குறி, கேள்விக்குறி. யார் பார்த்தாலும் கிறுக்கல் என்பார்கள். பதினைந்து வயதில், வைரஸுக்குச் சாட்சியாக இதை அச்சடித்தேன்.

வடநாட்டில், மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் அத்தை எங்களோடு இருந்தாள். ராணுவத்தில் இருந்த மாமா இறந்தபின் அவளிடம் மிஞ்சியவை அவர் எல்லையிலிருந்து எழுதிய கடிதங்கள்தான். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, கடிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஸ்டெனோ வேலை பார்த்தவள்; தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் புடவைகூட மாற்றாமல் எங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் தட்டி ஏற்றினாள். அதன்பின், நைந்துபோன காகிதங்களை யமுனையில் விட்டாள். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தக் கோப்புகளை நான் திறந்ததே இல்லை.

அப்போது எனக்கு உயிர், கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவி. புது விளையாட்டு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கும் தைரியம் இல்லாமல், ஏதோ ஒரு தளத்திலிருந்து திருட்டுப் பிரதியை இறக்கினேன். ஆன்ட்டிவைரஸ் கத்தியது. அதை அணைத்துவிட்டுத் திற என்றது தளம். மகா புத்திசாலி நான், அணைத்தேன். விளையாட்டு வரவில்லை, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அத்தை ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

ரிப்பேர்க்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டார். கோப்புகள் தப்பின, அத்தையின் தமிழ் எழுத்துரு மட்டும் போய்விட்டது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுடைய கோப்புகளைத் திறந்தால் எல்லாம் இந்தக் கிறுக்கல். ஒரு பக்கத்தை அச்சடித்துக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன். "வைரஸ் ஹை பேட்டா, ஜல்தி உடா தோ," என்றார். சீக்கிரம் அழித்துவிடச் சொன்னார், அழித்தேன். மாலையில் நிம்மதியாகக் கிரிக்கெட் ஆடினேன்.

அத்தை வந்து தேடினாள். "எங்கடா போச்சு எல்லாம்?"

"கம்ப்யூட்டர் தானா கெட்டுப்போச்சு அத்தை."

கம்ப்யூட்டரை அவளே அணைத்தாள். "அச்சா, விடு. எனக்கு எல்லாம் மனப்பாடம்தான்."

அந்த மனப்பாடம் நிலைக்கவில்லை. கடைசி இரண்டு வருடங்களில் மறதி வந்தது. காலையில் காப்பி குடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமா என்னடா எழுதியிருந்தார்? கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன்," என்பாள். அதற்குள் நான் தமிழ் படிக்கக் கற்றிருந்தேன். வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை. அப்போதும் நான் செய்ததைச் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனம் இன்னும் நெஞ்சில் கனக்கிறது.

அவள் போனபிறகு, பரணில் கிடந்த கேம் கருவியின் டப்பாவில் இந்தத் தாள் கிடைத்தது. பழைய தமிழ்க் கோப்புகள் எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து எழுத்துருவைத் தேடிப்பிடித்து, தாளில் இருந்ததை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். பனி, காய்ந்த ரொட்டி, லீவு கிடைக்காத கோபம் எல்லாம் வந்தன. வைரஸ் ஓர் எழுத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அழித்தவன் நான்தான்.

அந்தப் பக்கத்தில் மாமாவின் கடைசி வரி இது: 'கடுதாசியெல்லாம் பத்திரமா வை. நான் வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து வாசிக்கலாம்.'

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிந்ததை ஒருமுறை சத்தமாக வாசித்தேன். கேட்க அத்தை இல்லை.