தாய்மாமன் செய்த கார்

மாது குக்கர் மூடியைத் திருப்பிப் பிடித்து ரப்பர் வளையத்தை உருவிக்கொண்டிருக்கிறார். இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்கிறார். இழுத்துப் பார்க்கிறார். பழையதுதான், ஆனால் இன்னும் ஒரு மாதம் விசில் அடிக்கக்கூடியது. முன்னறையிலிருந்து மனைவி நிர்மலாவின் குரல் வருகிறது.

"அங்க என்னாங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறேன்."

"குக்கர் மூடியிலயா குடிக்கிறீங்க?"

மாது வளையத்தை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார். அந்த வளையத்தில் அவர் செய்யும் பொம்மைக் காருக்கு நான்கு டயர் வரும். கவனமாக அறுத்தால் ஸ்டெப்னியோடு ஐந்து. அன்று மதியம் பருப்பு வேகவில்லை. நிர்மலா ரசம் வைத்தார். காரணம் கேட்கவில்லை. இருபது வருடப் பழக்கம்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக உள்ள வாகன உதிரிபாகக் கடையில் மாது கவுண்டரில் நிற்கிறார். வயது ஐம்பத்து மூன்று. டூப்ளிகேட் கேட்டு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வேணாங்க. டூப்ளிகேட் போட்டீங்கன்னா வண்டி ஒரு நாளைக்கி உங்களத் தொப்பூர் கணவாயில நிறுத்திப்புடும்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் சட்டைப் பையில் நிர்மலாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை துருத்திக்கொண்டிருக்கும். சிவப்புப் பொட்டு பின் விளக்கு. மஞ்சள் இண்டிகேட்டர். மஞ்சள் பொட்டு நிர்மலா வைப்பதே இல்லை. அதை வாங்குவது யாருக்காக என்று பொட்டு விற்கும் கடைக்காரப் பெண்ணுக்கு இன்னும் சந்தேகம்.

வீட்டில் ஒரிஜினல் என்று எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் காட்டி இளக்கி, அம்மிக் கல்லை மேலே வைத்துத் தகடாக்கிக்கொள்கிறார். அதுதான் பாடி. புதுச்சட்டை காலருக்குள் வரும் கண்ணாடித் தாள் முன் கண்ணாடி. தேநீர் வடிகட்டியின் வலையில் செவ்வகமாக ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தச் செவ்வகம் ஒரு ஜீப்பின் மூக்கில் இருக்கிறது. சீட்டுகள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ். சைலன்சர் பேனா ரீஃபில். மை தீரும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லாததால் அவர் வீட்டுச் சுவரில் ஓரிடத்தில் ரீஃபில் ஊதி எடுத்த நீலக் கறைகள் இருக்கின்றன.

முகப்பு விளக்குக்கு நிர்மலாவின் மாத்திரை அட்டை. மாத்திரை உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் குமிழ் நசுங்கக் கூடாது என்பதால், பின்பக்கத் தாளைப் பிளேடால் கீறி மாத்திரையை மாதுவே எடுத்துக் கொடுக்கிறார். வட்டக் குமிழ் ஜீப்புக்கு, நீளக் குமிழ் வேனுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது நிர்மலா யோசிக்காமல் சொன்னார்:

"காலையில ஒரு ஜீப்புங்க. சாயந்தரம் ஒரு வேனு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, தலைசுற்றல் உண்டா என்று கேட்டார்.

எதைப் பார்த்தாலும் மாது இருபத்து நாலால் வகுப்பார். அதுதான் அவர் வண்டிகளின் அளவு. நிஜத்தில் இருபத்து நாலு அங்குலம் இருந்தால் அவரிடம் ஒரு அங்குலம். வண்டிகளைப் பார்க்கப் போன என்னை முதல்முறை பார்த்தபோது வணக்கம் சொல்வதற்கு முன் மேலும் கீழுமாகப் பார்த்தார். "ரெண்டே முக்கா இஞ்சி வருவீங்க" என்றார்.

பீரோ மேல் முப்பத்தொரு வண்டிகள் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் மூன்றே கேள்விகள் கேட்பார்கள். ஓடுமா? விப்பியா? அப்புறம் எதுக்கு? மாதுவிடம் மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கும். "ஓடாதுங்க. விக்க மாட்டேங்க. சும்மாத்தாங்க." அதோடு பேச்சு முடிந்து நிர்மலா காபி கொண்டுவருவார். வடிகட்டாத காபி.

தங்கை அமுதவல்லி அடுத்த தெருவில் இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஐஸ்வர்யாவுக்கு நல்லம்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் ரஞ்சித்குமார். நிச்சயதார்த்தத்தில் அப்பாவின் இடத்தில் மாது உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பச்சியப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே பொதுவாகக் கேட்டார்:

"தாய்மாமன் என்ன செய்யறாருங்க?"

கல்யாண வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். தாய்மாமன் சீராக என்ன வைக்கிறார் என்பது. மாது காதில் அது அப்படி விழவில்லை. அவர் விரல்களில் அன்று காலையில் ஒட்டிய பசை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

"காருங்க" என்றார். "காரு செஞ்சிக்கினு இருக்கேன்."

பச்சியப்பன் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அமுதவல்லி அப்போது உள்ளே கேசரி கிளறிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பச்சியப்பன் போன் செய்தார்.

"சம்பந்தி, வண்டி என்ன கலருங்க?"

"வெள்ளைங்க."

"வெள்ளை நல்லதுங்க. நம்மூரு வெயிலுக்குத் தாங்கும். பெரிய வண்டிங்களா?"

"சின்னதுதாங்க."

"சின்னதே போதுங்க. எங்கூட்ல என்னா பத்து பேரா இருக்கறோம்? நாலு பேரு உக்காரலாமில்ல?"

மாது எண்ணிப் பார்த்தார். "சீட்டு நாலு வச்சிருக்கேங்க."

"எந்தக் கம்பெனிங்க?"

"கம்பெனியெல்லாம் இல்லீங்க. ஒவ்வொரு சாமானா நானே பாத்து பாத்து சேத்ததுங்க."

பச்சியப்பனுக்குத் திருப்தி. உதிரிபாகக் கடையில் இருக்கிறவர், பழைய வண்டி ஒன்றைப் பிடித்து நல்ல சாமான்களாகப் போட்டு ஏற்றியிருப்பார் என்று புரிந்துகொண்டார். புதுசை விட அது மேல் என்று ஊரில் சொன்னார்.

மாதுவும் அன்று சந்தோஷத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இருவது வருசத்துல, சீட்டு எத்தினின்னு கேட்ட மொதோ மனுசன் இவருதான்" என்று நிர்மலாவிடம் சொன்னார். வெள்ளைக் காரை மாப்பிள்ளைக்கே கொடுப்பது என்று அன்று முடிவானது. குக்கர் வளையம் உருவப்பட்டது அதற்குத்தான். நான்கு கதவும் திறக்க வேண்டும் என்று ஊக்குகளை வெட்டிக் கீல் செய்தார். ஐஸ்வர்யாவின் ஜாக்கெட் தைத்த டைலரிடம் போய் வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி சீட்டுக்கு உறை போட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. முப்பத்தொரு வண்டியிலும் இல்லாத வசதி அது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அமுதவல்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அண்ணா, அவங்க மாட்டுக் கொட்டாயப் பிரிச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"உன் காருக்கு."

மாது கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அவ்ளோ எடம் வேணாமே" என்றார்.

நிர்மலா சிரிக்கத் தொடங்கினார். அமுதவல்லியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"வாசல்ல சிமிட்டி போட்டு சரிவு கட்டியிருக்காங்க. மாப்ள டிரைவிங் ஸ்கூல்ல சேந்து எட்டு போடக் கத்துக்கினு இருக்காரு. ஊரு பூரா சொல்லியாச்சு. அப்பன் இல்லாத பொண்ணு, மாமன் காரு தர்றேன்னு ஏமாத்திட்டான்னு நாளைக்கி அவளத்தான சொல்லுவாங்க? நீயா போயி வாழப்போற அங்க?"

"நான் தர்றேன்னு சொல்லல அமுதா. செய்யறேன்னுதான் சொன்னேன்."

"தர்றதத்தாண்ணா எல்லாரும் செய்யறதுன்னு சொல்லுவாங்க!"

அப்போதுதான் நிச்சயதார்த்தக் கேள்வி மாதுவின் காதில் முழுதாக விழுந்தது.

மறுநாள் காலையில் நல்லம்பள்ளிக்குப் பைக்கை எடுத்தார். சொல்லிவிடுவதற்காகத்தான் போனார். பச்சியப்பன் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் புதுக் கொட்டகையைக் காட்டினார். மேலே தகரம், கீழே சிமிட்டி. மாடு வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. "கண்ணாடிய மடக்காமயே உள்ள வரலாமில்லீங்க?" என்று கேட்டார். மாது கொட்டகையைப் பார்த்தார். பதினாலடிக்குப் பத்தடி. ஏழு அங்குலத்துக்கு ஐந்து. "தாராளமா வரலாங்க" என்றார்.

வீடு திரும்பியதும் நிர்மலா கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"டீ குடுத்தாங்க."

அமுதவல்லி, காரை மறந்துவிடலாம், தன் சங்கிலியைச் சீராக வைத்துவிடலாம் என்றார். மாது அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "சொன்னதக் கொண்டாரலன்னாத்தான் ஏமாத்துனது" என்றார். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் புறப்பட்டது. முன்னால் தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, புடவைத் தட்டு. ஏழாவது தட்டை மாது தானே சுமந்தார். மண்டப வாசலில் இருந்த பைக்குகளையெல்லாம் தள்ளிவிட்டு ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் ஒழித்து வைத்திருந்தார் பச்சியப்பன். பக்கத்து ஸ்டூலில் ஆளுயரச் சாமந்தி மாலை, பூசணிக்காய், சூடம், சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம்.

தட்டுகள் வந்தன. மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். பச்சியப்பன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வண்டி எங்கீங்க சம்பந்தி?"

மாது தட்டை நீட்டினார்.

கும்பலில் ஒருவர், பச்சியப்பனின் பங்காளி, எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "டேய் பச்சியப்பா, உன் காரு தட்டுல வருதுடா. டீசல் இல்ல, பச்சப்புள்ளைக்கி மாதிரி பால் ஊத்துங்கடா!" சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அமுதவல்லி தூணைப் பிடித்துக்கொண்டார். பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்த ரஞ்சித்குமார் அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"என்ன செய்யறீங்கன்னு கேட்டீங்க" என்றார் மாது. "செய்யறதச் சொன்னேங்க. தப்பாப் போச்சு. பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்க, எம்மேலதான்."

பச்சியப்பன் தட்டருகே வந்தார்.

"வெள்ளைன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"சின்னதுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"சீட்டு நாலு."

"இருக்குதுங்க."

பச்சியப்பன் குனிந்தார். சுண்டுவிரல் நகத்தால் முன்கதவை நெம்பினார். திறந்தது. உள்ளே மணப்பெண்ணின் ஜாக்கெட் துணியில் நான்கு சீட்டுகள். நகத்தாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது.

"பொய் ஒண்ணும் சொல்லல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பங்காளி மறுபடி வாயைத் திறந்தார். பச்சியப்பன் நிமிராமலே சொன்னார்: "வழி வுட்டு நில்லுங்கடா. வண்டி எடுக்கணும்."

ஒழித்து வைத்த இடத்தின் நடுவில் காரை இறக்கினார். எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். வண்டி ஜாக்கி போட்டதுபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பழத்தை எடுத்துவிட்டார். சுற்றிலும் பார்த்தார். பழத்தட்டை இழுத்து, கொத்திலிருந்து நான்கு பச்சைத் திராட்சைகளைக் கிள்ளி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்தார். ஆள்காட்டி விரலால் பின்னாலிருந்து தள்ளினார். வண்டிக்கு எடை போதவில்லை, திராட்சை நசுங்கவில்லை. கூரைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தப் போனார்.

"பாத்துங்க, டாப்பு வுட்டுடும்!" என்று மாது பதறினார்.

பச்சியப்பன் விரலை எடுத்துக்கொண்டு, நான்கு திராட்சைகளையும் தன் நகத்தால் நசுக்கி, அவற்றின்மேல் வண்டியை ஏற்றி இறக்கினார். யாரோ சூடம் கொளுத்த வந்தார்கள். வேண்டாம், உருகிவிடும் என்று மாது தடுத்தார். மேளம் மறுபடி தொடங்கியது.

மறுநாள் திங்கட்கிழமை. மாது ஒன்பது மணிக்குக் கடை திறந்தார். ஒரு கிளச் கேபிளும் இரண்டு ஏர் ஃபில்டரும் போயின. பதினொன்றரைக்குப் பச்சியப்பன் போன் செய்தார். கொட்டகையில் மாட்டைத் திரும்பக் கட்டியாகிவிட்டது என்றார். வண்டி டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, வருகிறவர்களெல்லாம் கதவைத் திறந்து மூடுகிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, திராட்சைச் சாறு பட்ட முன்சக்கரம் இரண்டுக்கும் எறும்பு வந்துவிட்டது, தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டார். கூடாது, பசை விட்டுவிடும், ஈரத்துணியால் துடையுங்கள் என்றார் மாது. விற்ற சாமானில் குறை சொல்லி வருகிறவர்களுக்கென்று கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதை எடுத்துத் தேதி போட்டு எழுதினார்: பச்சியப்பன், நல்லம்பள்ளி. வெள்ளை. முன்சக்கரம் இரண்டிலும் எறும்பு.