கடைசிப் பொதியை எடுக்காத அக்கா

எங்கள் அக்கா கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு அடுத்தவன். ஐயா வயலில் நின்றதால் வீட்டுக்குச் சாமான் வாங்குவது அக்காவின் பொறுப்பாயிற்று. போர்க்காலத் தடையால் மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் வன்னிக்குள் எப்போதாவதுதான் வரும். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு லொறி வந்துவிட்டதாம் என்று காதில் விழுந்ததும் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கொடுப்பதையெல்லாம் வாங்கிவிடுவார். நாளைக்கும் இருக்கும் என்று எவரும் நம்பாத காலம் அது. நாங்கள் பசியோடு படுத்த இரவுகள் குறைவாக இருந்ததற்கு அந்த ஓட்டமே காரணம்.

பின்னர் கொழும்பில் தாதியாகப் பயின்றார். அத்தானை மணந்து மெல்பேர்ண் வந்து நோபல் பார்க்கில் குடியேறினார். தாதித் தகுதியை இங்கே மீண்டும் பெறும்வரை முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டே படித்தார். மகள் பல்கலைக்கழகம் போன பிறகு, இந்த நாட்டின் வடகோடியில், பூர்வகுடி மக்கள் வாழும் தொலைதூரக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்தில் பணியை ஏற்றுக்கொண்டார்.

“இஞ்சை நேர்ஸ்மார் கனபேர் இருக்கினம். அங்கை ஆளில்லையாம்” என்று மட்டும் அத்தானிடம் சொன்னார். அத்தான் விமான நிலையம்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அங்கே போனதும், தான் வறுத்து அரைப்பித்த மிளகாய்த்தூளை அக்காவின் பெட்டிக்குள் திணித்தார்.

அந்தக் கிராமத்தில் ஒரே ஒரு கடை. அரிசி, மா, இறைச்சி, தேயிலை, குழந்தைகளின் அணையாடை எல்லாம் அங்கேதான். மழை தொடங்கினால் ஆறு பெருகிப் பாதை மூடிவிடும். பிறகு சிறிய விமானம் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அக்கா போய்ச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் இடையில் சில நாட்கள் வெயில் எறித்தது. பாதை திறந்தது. லொறி வந்தது.

சுகாதார நிலைய யன்னலால் லொறியைக் கண்ட அக்கா வேலை முடிந்ததும் கடைக்குப் போனார். தட்டில் அடுக்கியிருந்த கோதுமை மாப் பொதிகள் அனைத்தையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். யாரும் தடுக்கவில்லை. அந்த ஊரார் அவரவர் வீட்டுக்கு அந்த வாரத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் வருபவருக்கு விட்டுவிடுவார்கள். நெருப்புத் தணலில் ரொட்டி சுட அவர்களுக்கும் அதே மாதான் வேண்டும். இது அக்காவுக்குத் தெரியாது.

வரிசையில் பின்னால் நின்றவர் அந்த ஊர்ப் பெண்ணான மேவிஸ். அவருடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணி. இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்ததால் வாரந்தோறும் அக்காவிடம் வந்து காட்ட வேண்டியவர். அன்று நடந்த பேச்சை அக்கா எங்களுக்கு எங்கள் தமிழில்தான் சொல்லிக்காட்டுவார்.

“‘வீட்டிலை எத்தினை பேர்?’ எண்டு கேட்டா. நான் ஒராள்தான் எண்டன். என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, ‘பாத்தால் தெரியேல்லை. ஆனால் பெரிய வயிறுதான்’ எண்டா. பகிடி எண்டு நினைச்சு நானும் சேந்து சிரிச்சன், தம்பி.”

அந்த வாரம் மேவிஸின் மகள் வரவில்லை. அக்கா வாகனத்தில் வீடு தேடிப் போனபோதும் வெளியே வரவில்லை. அந்த அழுத்தம் கூடினால் தாயினதும் பிள்ளையினதும் உயிரே போகக்கூடும் என்பது அக்காவுக்குத் தெரியும். வழியில் கடையில் இறங்கி, வெறுமையாய்க் கிடந்த மாத்தட்டைப் பார்த்தபோதுதான் மேவிஸின் பகிடி விளங்கியது.

மாவை முழுவதும் திருப்பிக் கொண்டுபோனார். விற்ற உணவை மறுபடி தட்டில் வைக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா வாதாடவில்லை. கடை வாசலில் தள்ளுவண்டியோடு நின்று, வந்த ஒவ்வொருவரிடமும், “நான் பிழை விட்டிட்டன். இது உங்கடை மா” என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி ஒவ்வொரு பொதியாகக் கொடுத்தார். மேவிஸ் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

“இப்ப நீ போட்டிக் கடை போட்டிட்டாய். சீனியும் வைச்சிருக்கிறியோ?”

சிரித்தபடி ஒரு பொதியை வாங்கிப் போனார். மறுநாள் மகளைத் தானே கூட்டிவந்தார். அழுத்தம் மிகக் கூடியிருந்தது. அன்றே விமானத்தை அழைத்து, அக்காவும் ஏறி, நகர வைத்தியசாலையில் ஒப்படைத்தார். பெண் குழந்தை, இருவரும் நலம்.

அந்தப் பெண் மாவுக்காகத்தான் வராமல் விட்டாரா என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

“தெரியாது. நான் கேக்கேல்லை. வந்தாளே, அது போதும்.”

ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் அக்கா அங்கே இருந்தார். நோபல் பார்க் திரும்பியபோது ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். எந்தக் கடையிலும் தட்டில் கடைசியாக இருக்கும் பொதியை எடுக்கமாட்டார். கொரோனாக் காலத்தில் எல்லோரும் அரிசிக்கு அடிபட்டபோது நான் அவருடன் கடைக்குப் போனேன். ஒரே ஒரு பொதி இருந்தது.

“எடுங்கோ அக்கா. இது மெல்பேர்ண். நாளைக்குக் காலமை லொறி வந்திடும்.”

“அப்ப நாளைக்கு வாங்குவம்.”

சங்கக்கடைக்கு ஓடிய அதே பெண்தான் இதைச் சொன்னார். அன்றிரவு அத்தான் உருளைக்கிழங்கு அவித்தார், முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. வலியைத் தன் நோயாளிகளின் வலியைப்போலவே கவனித்து, கேட்டபோது மட்டும் சொன்னார். கடைசி வாரத்தில் மேவிஸ் தொலைபேசியில் அழைத்தார். அக்கா நெடுநேரம் சிரித்தார். என்ன பகிடி என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும், வடக்கிலிருந்து அழைத்த மேவிஸுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று படையல் பிந்தியதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு விளக்கமும் தரவேண்டும். அக்காவுக்குப் பிடித்த உளுந்து வடை படைக்க வேண்டும் என்று நானும் அத்தானும் காலையில் கடைக்குப் போனோம். தட்டில் ஒரே ஒரு பொதி உளுந்து கிடந்தது. அத்தான் கையை நீட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டு, “வா தம்பி, டண்டினோங் கடையளிலை பாப்பம்” என்றார்.