சோடாத் தண்ணீரில் ஒரு சாண் பட்டு

சின்னாளப்பட்டி சாயப்பட்டறையில் மாயம்மாளின் கைக்கு ஒரு பெயர் உண்டு. சுங்குடிப் பருத்திக்கு எவ்வளவு காஸ்டிக் சோடா, எவ்வளவு சாயம் என்பதற்கு அவளுக்கு அளவுக் கரண்டி தேவையில்லை. அள்ளும்போதே கை சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் பழகிய கை.

தங்கை அறிவுச்செல்வி செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் உடுத்தியதில் மிஞ்சியது சந்தன நிறப் பட்டு ஒன்றுதான். தங்கை மகள் ஜீவிதா தன் வளைகாப்புக்கு அதைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கன்னிவாடியில் அவள் மாமியார் ஒச்சம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "செத்தவ சீலையச் சுத்திக்கிட்டா வளையல் போடுறது? வகுத்துப் பிள்ளைக்கு ஆகாது."

ஜீவிதா சேலையைத் துணிப்பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் வந்தாள்.

"கலர மாத்திரு பெரியம்மா. அரக்குல முக்கிட்டா அத்தைக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்டி, இது பட்டு. நான் முக்குனதெல்லாம் பருத்தி."

"உன் கைக்குத் தெரியாத சாயமா?"

அவள் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மாயம்மாளுக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. திண்டுக்கல் கடையில் பட்டுச் சாயம் வாங்கியபோது கடைக்காரர் இரண்டே விஷயம் சொன்னார்: வினிகர் ஊற்ற வேண்டும், தண்ணீர் கொதிக்கக் கூடாது. வினிகர், கொதிக்கக் கூடாது என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பின்கட்டில் அடுப்பை மூட்டினாள். சேலையைப் பிரித்ததும் தங்கையின் பவுடர் வாசனை எழுந்தது. முகத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் வேலை ஓடாது.

சாயத்துக்கு முன்னால் துணியை நனைக்க வேண்டும். வாளியில் தண்ணீர் பிடித்தாள். பக்கத்தில் லுங்கிகளுக்குச் சாயம் போட வைத்திருந்த டப்பாவிலிருந்து, கைப்பழக்கத்தில், ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கலக்கினாள். இடுப்பில் செருகுகிற உள்தலைப்பை முதலில் இறக்கி அமுக்கினாள்.

வழுக்கியது. நறுக்கிய வெண்டைக்காய்க்குள் கைவிட்டதுபோல் கொழகொழவென்று வழுக்கியது. பருத்தி இப்படி வழுக்காது.

அப்போதுதான் டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சோடா. தலைமுடியையும் பட்டையும் சோடா தின்றுவிடும் என்று பட்டறையில் எப்போதோ காதில் விழுந்தது.

வாரி இழுத்துக் குழாயடிக்கு ஓடினாள். அலசி அலசிப் பாட்டில் வினிகரில் பாதியைக் கவிழ்த்தாள். ஒரு சாண் துணி, பெருவிரல் பட்டதும் ஊறின அப்பளமாகப் பிரிந்தது. ஈரத்தோடு மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"செல்வி, உன்னய நானே ரெண்டாந்தரம் தூக்கிக் குடுத்திருப்பேனேடி."

அந்த ஒரு சாணைக் கத்தரித்தாள். மீதிக்கு வினிகரைக் கரண்டியால் அளந்து ஊற்றினாள். அரக்கு திட்டில்லாமல் ஏறியது. ஆனாலும் சோடாத் துளி வேறெங்கே தெறித்ததோ, எந்த இழை செத்துக் கிடக்கிறதோ, கட்டி இழுக்கும்வரை தெரியாது.

ஜீவிதாவிடம் மறைக்கவில்லை.

"வகுறு பெருத்த நேரத்துல சீலையச் சின்னதாக்கிட்டியே பெரியம்மா" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடியே கத்தரித்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

வளைகாப்பன்று மாயம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு ஜீவிதாவின் முதுகுப் பக்கமே நின்றாள். கண் இடுப்பை விட்டு நகரவில்லை. அவள் குனிந்தால் இவளும் கூடவே குனிந்தாள். ஒச்சம்மாள் சேலையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"பட்டு நல்ல கனம். கொசுவந்தான் என்ன இம்புட்டுக் கம்மி?"

"உள்ள இருக்குற ஆளு இழுத்துக்கிட்டாக அத்தை" என்றாள் ஜீவிதா. பெண்கள் சிரித்தார்கள். ஒச்சம்மாளும் சிரித்துவிட்டு, அதே விரல்களால் சேலையைப் பற்றித் தொடைப் பக்கம் இழுத்து நேராக்கினாள்.

மாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கிழிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வளையல் சத்தம்தான் கேட்டது.

"ஏத்தா மாயம்மா, சந்தனத்தப் பூசாம என்ன தூக்கமா?" என்றாள் ஒச்சம்மாள்.